மதிப்பெண் குறைந்தாலும் உரிமை குறையாது

“இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.” மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ இப்படிக் கேட்டால், அது அறிவுத்திறன் பரிசோதனை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, வலிப்பு நோய், பக்கவாதம், பார்க்கின்சன் போன்றவை நினைவையும் கவனத்தையும் திட்டமிடும் திறனையும் பாதிக்கக்கூடும். எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் சிகிச்சையும் பயிற்சியும் சரியாக அமையும்.

தவறாகக் கணிக்கும் ஆபத்து

பரவலாகப் பயன்படும் எம்எம்எஸ்இ (1975), மோகா (2005) இரண்டுக்கும் மொத்தம் 30 மதிப்பெண். சில நிமிடங்களில் முடிந்துவிடும் முதற்கட்டச் சோதனைகள் இவை. பள்ளிக்குப் போகாதவர், பழகாத மொழியில் கேட்கப்பட்டவர், காது மந்தமானவர், கண்ணாடி அணியாமல் வந்தவர் ஆகியோருக்கு மதிப்பெண் குறையலாம். மனச்சோர்வு, வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, தூக்க மாத்திரை, கைநடுக்கத்துக்குத் தரப்படும் ட்ரைஹெக்சிபெனிடில் ஆகியவையும் நினைவை மந்தமாக்கும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சையோ மாற்று வழியோ உண்டு. அவற்றை ஆராயாமல் ‘மறதி நோய்’ என்று முடிவுகட்டினால், தேற வேண்டியவர் தேறாமலே போவார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• படிப்பு, தாய்மொழி, மாற்றம் தொடங்கிய காலம் மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• ரத்தப் பரிசோதனை தேவையா, மருத்துவ உளவியலாளரின் முழு மதிப்பீடு தேவையா என்று கேளுங்கள்.
• சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் வந்தால், அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். மதிப்பெண் தாளைக் காட்டிச் சொத்தையோ வங்கிக் கணக்கையோ உறவினர் கைப்பற்ற இடமில்லை. சிகிச்சை பற்றிய விவரத்தைப் புரிந்துகொண்டு, விளைவை உணர்ந்து, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிந்தால், முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கே. அந்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவது மட்டுமே அதைப் பறிக்கக் காரணமாகாது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம்; நம்பிக்கையானவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம்; மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம்.

உரிமை மறுக்கப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம். பரிசோதனைக்குத் தயங்காதீர்கள், முடிவைக் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள்.