வானத்துல இருந்து தண்ணியை எடை போடுறது எப்படி?

போன தடவை ஊருக்குப் போனப்போ ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரெண்டு பைக்ல போனோம். 11 கிலோமீட்டர் சொச்சம்தான். டிராஃபிக்ல அரை மணி நேரம் ஆச்சு. இதே தூரத்தை ரெண்டே செகண்டுக்குள்ள தாண்டின ஒரு ஜோடியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

பேரு கிரேஸ். நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002 மார்ச்சில் அனுப்பின இரட்டைச் செயற்கைக்கோள்கள். ஒண்ணு முன்னாடி போகும், இன்னொண்ணு சுமார் 220 கிலோமீட்டர் பின்னாடி வரும். கிட்டத்தட்ட ராஜபாளையம் டு திருச்சி. பூமியைப் படம் எடுக்கிற கேமரா இதுல கிடையாது. நடுவுல இருக்கிற இடைவெளியை மைக்ரோவேவ் வெச்சு அளந்துக்கிட்டே போகும், அவ்வளவுதான்.

அது எதுக்கு? நிறை அதிகமா இருக்கிற இடத்துல ஈர்ப்பும் அதிகம். கீழே மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி கனமா ஒண்ணு வந்தா, முன்னாடி போறதை முதல்ல இழுக்கும். இடைவெளி கூடும். அது மலையைத் தாண்டினதும் பின்னோக்கி இழுபடும். பின்னாடி வர்றது முன்னோக்கி இழுபடும். இடைவெளி குறையும். தலைமுடித் தடிமனை விடச் சின்ன மாற்றத்தைக்கூட இது பிடிச்சிடும்.

மலை அங்கேயேதான் இருக்கும், தண்ணி அப்படி இல்ல. மாசாமாசம் ஈர்ப்பு வரைபடம் போட்டு, கோட்ல டிஃப் பார்க்கிற மாதிரி ஒப்பிட்டா, நிலத்துல தெரியிற வித்தியாசம் பெரும்பாலும் தண்ணிதான். மண் ஈரம் மாதிரி மத்த கணக்கைக் கழிச்சா நிலத்தடி நீர் மிஞ்சும்.

2009-ல் நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லியோட சேர்த்து ஹரியானா. இந்தப் பகுதியில 2002 ஆகஸ்ட்ல இருந்து 2008 அக்டோபருக்குள்ள 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமப் போயிருக்கு. நாற்பது மேட்டூர் அணை! அந்த வருஷங்கள்ல மழை வழக்கம்போலத்தான் பெஞ்சது. பாசனத்துக்கு உறிஞ்சினதுதான் முக்கியக் காரணம்னு ஆய்வு சொல்லுது.

"அப்போ எங்க வீட்டு போர்ல தண்ணி இருக்கான்னு சொல்லுமா?" சொல்லாது. சில நூறு கிலோமீட்டர் அகலத்தை மொத்தமாத்தான் அதால பார்க்க முடியும். 2018-ல் போன அடுத்த ஜோடிக்கும் இதே கதைதான். அதனாலதான் மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகள்ல வருஷத்துக்கு நாலு தடவை மட்டம் அளக்குது. மொத்தக் கையிருப்பை வானத்துல இருந்து பார்க்கலாம். நம்ம தெருக் கணக்கை நாமதான் கிணத்துல எட்டிப் பார்க்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!