குட்டித் திரையில் இடம் மாறும் கொம்பு

எல்இடியை மினுக்கிப் பார்த்து, சென்சாரில் அளவெடுத்துப் பழகியதும் ஆர்டுயினோ பிள்ளைகள் அடுத்து ஆசைப்படுவது வண்ணத் திரைக்குத்தான். தொடங்க ஏற்றது எஸ்டி 7735 சிப் உள்ள 1.8 அங்குல டிஸ்பிளே. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. குறுக்கே 128 புள்ளி, நெடுக்கே 160. பெரிதாக வேண்டுமென்றால் ஐஎல்ஐ 9341 சிப் உள்ளதை வாங்கலாம். அதில் 240க்கு 320.

ஒயர் செருகும்போது இரண்டு இடங்களில் நிதானம் தேவை. முதலாவது வோல்டேஜ். ஊனோ போர்டின் பின்களில் 5 வோல்ட் வரும். திரையின் சிப் 3.3 வோல்ட்டுக்குப் பிறந்தது. மாட்யூலின் முதுகில் ரெகுலேட்டர் இருக்கிறதே என்று பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். அது மின்சாரம் வரும் பின்னைத்தான் காக்கும். டேட்டா பின்களுக்கு அந்தக் காவல் கிடையாது. நடுவில் 3.3 வோல்ட்டில் இயங்கும் சிடி 4050 ஐசி ஒன்றை வைத்தால் திரைக்கு ஆயுள் கெட்டி. இஎஸ்பி 32 போர்டு 3.3 வோல்ட்டிலேயே பேசுவதால் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பின்களின் பெயர். எஸ்டிஏ, எஸ்சிஎல் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஐ-டூ-சி பின்களில் செருகிவிடுவார்கள். பெயர் அப்படி இருந்தாலும் இது எஸ்பிஐ திரை. ஊனோவில் எஸ்டிஏ 11ஆம் பின்னுக்கும் எஸ்சிஎல் 13ஆம் பின்னுக்கும் போக வேண்டும். மாறிப்போனால் திரை வெறும் வெள்ளையாக எரியும். உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பேக்லைட் தனி, சிப் தனி. விளக்கு எரிகிறது, சிப் இன்னும் கட்டளை பெறவில்லை, அவ்வளவுதான். படம் வந்தும் சிவப்பு நீலமாகத் தெரிந்தாலோ, ஓரத்தில் புள்ளிகள் சிதறிக் கிடந்தாலோ, புரோகிராமில் திரையின் ரகத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 2 பைட்: சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. ஆக 65,536 நிறம். 1.8 அங்குலத் திரை முழுவதற்கும் 40,960 பைட் ஆகிறது. ஊனோவின் ரேம் 2,048 பைட்தான். அதனால் படத்தை வைத்திருப்பது திரையின் சிப். மாறியதை மட்டும் ஊனோ அனுப்பினால் போதும். நொடிக்கொரு தடவை திரை முழுவதையும் அழித்து எழுதுகிறவர்களின் திரைதான் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பின்புல நிறத்தோடு சேர்த்து எண்ணை எழுதினால் பழையது தானே மறையும்.

இதுவரை உள்ளதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. வெப்பமானி செய்யும் பிள்ளை திரையில் 'டெம்ப்' என்று ஆங்கிலத்தில் எழுதி நிறுத்திக்கொள்கிறது. 'வெப்பம்' என்று எழுதிப் பார்த்தால் என்ன ஆகும்? யுனிகோடில் அந்தச் சொல் 7 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். லைப்ரரியோடு வரும் எழுத்துரு ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக நினைத்து 21 கிறுக்கல்களை வரைகிறது. ஒன்றுக்கு 6 புள்ளி வீதம் 126 புள்ளி. ஒரு வரியே போயிற்று. யுனிகோட் தெரிந்த லைப்ரரியிலும் தொல்லை தீர்வதில்லை. கணினி 'வெ'யைச் சேமிக்கும்போது வகரம் முன்னே, ஒற்றைக்கொம்பு பின்னே. வரையும்போது அதை முன்னால் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த வேலையைக் குட்டிப் போர்டுக்கு யாரும் சொல்லித் தராததால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பொழுதுபோக்குக்கு ஆங்கிலமே போதும், தமிழ் வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பை போன்ற முழுக் கணினியை வாங்கட்டும் என்பாரும் உண்டு. ஆனால் கூடத்தில் மாட்டிய வெப்பமானியைச் செய்தவர் மட்டுமா பார்க்கிறார்? பாட்டியும் பார்க்கிறார்.

இடமில்லை என்று சொல்லவும் வழியில்லை. 247 எழுத்துக்கும் 247 படம் வரையத் தேவையில்லை. உயிரும் ஆய்தமும் 13. அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நான்கிலும் ஒட்டிப் பிறக்கும் வடிவங்கள் 72. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு 4. கூட்டினால் 125. ஒகர, ஓகார வரிசைகள் கொம்பையும் காலையும் கொண்டே அமைந்துவிடும்; ஔகாரத்துக்கு வலப்பக்கம் ளகர வடிவம் ஏற்கெனவே கைவசம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பென்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஏழையும் தனித்தனியே வரைந்திருக்க வேண்டும்.

24க்கு 16 புள்ளிக் கட்டத்தில் ஒரு வடிவத்துக்கு 48 பைட். 125க்கு 6,000. ஊனோவின் ஃபிளாஷ் 32 கிலோபைட். திரை லைப்ரரி போக இதற்கு இடம் கிடைக்கும். பட்டியலுக்கு முன்னால் 'புரோக்மெம்' போடாமல் விட்டால் மட்டும் எல்லாம் ரேமுக்குள் நுழையப் பார்த்து, இடம் போதாமல் புரோகிராம் போர்டில் ஏறாது. உயரத்தை 16 புள்ளிக்குக் கீழே இறக்காதீர்கள். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

கொம்பை முன்னால் தள்ளும் புரோகிராம் நீளமானதல்ல. மெய்யை வரையுமுன் அடுத்த குறியை எட்டிப் பார்க்க வேண்டும். கொம்பென்றால் அதை முதலில் வரைய வேண்டும்; ஒகரமென்றால் கொம்பு, மெய், கால். உகரம், புள்ளி போன்றவை வந்தால் அட்டவணையில் உரிய வடிவம். பள்ளி மாணவர்கள் நான்கைந்து பேர் கட்டத்தாளில் வடிவங்களைப் பங்கிட்டு வரைந்தால் கோடை விடுமுறைக்குள் முடிகிற வேலை. சரிபார்க்கச் சில சொற்களே போதும்: வெப்பம், தூறல், மேகமூட்டம், கொதிநிலை, பௌர்ணமி. வைகையும் சேர்த்துக்கொண்டால் இணைக்கொம்பு மேலும் இரண்டு தடவை சோதனைக்கு வந்துவிடும்.