உலர் மூலிகை மேசை ஆவியாக்கி

உலர் மூலிகை மேசை ஆவியாக்கி என்பது காய்ந்த இலை, பூ ஆகியவற்றை எரிக்காமல் சூடாக்கி, அவற்றிலுள்ள மணப்பொருள்களையும் மருந்துப்பொருள்களையும் ஆவியாகப் பிரித்துத் தரும் மின்கருவி ஆகும். ஜெர்மனி, நெதர்லாந்து, கனடா போன்று மருத்துவக் கஞ்சா சட்டப்படி கிடைக்கும் நாடுகளில் நோயாளிகள் இதைப் பயன்படுத்துகின்றனர். லாவெண்டர், கெமோமில், தைலமர இலை ஆகியவற்றின் மணத்தை நுகரவும் இது பயன்படுகிறது.

செயல்படும் முறை

எரியும் சிகரெட்டைப் புகைக்கும்போது அதன் கங்கு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. அதனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் உண்டாகின்றன. மூலிகையிலுள்ள தேவையான பொருள்கள் ஆவியாவதற்கோ 230 பாகைக்கும் குறைவான வெப்பமே போதும். இந்த வேறுபாடே ஆவியாக்கியின் அடிப்படை.

சூடாக்கும் முறைகள் இரண்டு. வெப்பக்கடத்தல் முறையில் மூலிகை சூடான சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தோசைக்கல்லில் கல்லைத் தொடும் பக்கம் மட்டும் முறுகுவது போல, ஓரத்தில் உள்ளது கருகும். நடுவில் உள்ளது பச்சையாகவே இருக்கும். இடையிடையே கிளறிவிட வேண்டும். வெப்பச்சலன முறையில் காற்று தனியே சூடாக்கப்பட்டு மூலிகையின் ஊடே செல்கிறது. எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சூடாகின்றன.

காற்று வேகமாகப் பாயும்போது வெப்பமூட்டி குளிர்ந்துவிடக் கூடாது. கனமான உலோகக் கட்டியும் வீட்டு மின்சாரமும் கொண்ட மேசைக் கருவி, மின்கலத்தில் இயங்கும் கைக்கருவியைவிட வெப்பநிலையை நிலையாக வைத்திருப்பது இதனால்தான்.

எடுத்துக்காட்டு: வால்கனோ

ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரிலுள்ள ஸ்டோர்ஸ் & பிக்கல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வால்கனோ என்னும் கூம்பு வடிவக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் காற்றுப்பம்பு சூடான காற்றை மூலிகையின் ஊடே செலுத்தி, மேலே பொருத்திய பையில் ஆவியை நிரப்புகிறது. 2019இல் வந்த வால்கனோ ஹைபிரிட் வகையில் பை, குழாய் இரண்டையும் பயன்படுத்தலாம். வெப்பநிலையை 40 முதல் 230 பாகை வரை அமைக்கலாம்.

சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 18 பேர் கஞ்சாவைப் புகைத்தும் வால்கனோ வழியாக உள்ளிழுத்தும் ஒப்பிடப்பட்டது. இரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவு இரண்டு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மூச்சில் வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு ஆவியாக்கியில் மிகக் குறைவாக இருந்தது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

* வெப்பநிலை: பாகைக் கணக்கில் அமைக்கக்கூடியதாகவும், அமைத்த அளவில் நிற்பதாகவும் இருக்க வேண்டும். லாவெண்டருக்கு 130 பாகையும் கெமோமிலுக்கு 190 பாகையும் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள்.
* பையா, குழாயா: பையில் நிரப்பிய பின் கருவியை விட்டு விலகி, நிதானமாக உள்ளிழுக்கலாம். மூச்சுத் திறன் குறைந்தோருக்கு இது எளிது. குழாயில் பயனரே காற்றை இழுக்க வேண்டும். உதிரிச் செலவு குறைவு. கனடாவின் அரைசர் எக்ஸ்ட்ரீம் கியூ இரண்டையும் கொண்டது.
* காற்றுப்பாதை: கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, பீங்கான் ஆகியவை ஏற்றவை. சூடான காற்று மலிவான நெகிழியையோ பசையையோ தொடக் கூடாது.
* மின்னழுத்தம்: வட அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு உரியவை. 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் பழுதாகும்; தீப்பிடிக்கவும் கூடும்.
* தூய்மை: சல்லடையும் குழாயும் எளிதில் கழன்று, கழுவத்தக்கவையாக இருக்க வேண்டும். அடைபட்ட சல்லடை காற்றோட்டத்தைத் தடுத்து, சூட்டைச் சீரற்றதாக்கும்.

உடல்நலமும் சட்டமும்

புகையைவிடத் தீங்கு குறைவு என்பதற்குத் தீங்கே இல்லை என்று பொருளன்று. பூஞ்சை பிடித்த, பூச்சிக்கொல்லி தெளித்த மூலிகையைக் கருவி தூய்மையாக்கிவிடாது. மண ஆவியே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். கஞ்சாவின் போதையும் பழக்க அடிமைத்தனமும் ஆவியாக்குவதால் மறைவதில்லை.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்னணுக் கருவிகளை, நிகோட்டின் இல்லாதவை உட்பட, வரையறுத்து, அவற்றின் இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. எனவே கருவியின் தரத்தைப் பார்க்கும் முன், வாழும் நாட்டின் சட்டத்தைப் பார்ப்பதே தேர்வின் முதற்படி ஆகும்.