சரித்திரம் கற்பிக்கும் நெறி

மக்கட்குச் சரித்திர அறிவு இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். எனினும், நம் பள்ளிகளில் மாணவர் வேம்பென வெறுக்கும் பாடம் யாதென வினவின், சரித்திரமும் அதனைச் சார்ந்த சமூகவியலுமே என்பார் பலர். கதை கேட்பதில் பேரார்வமுடைய சிறுவர், கதைகளுக்கெல்லாம் பெருங்கதையாகிய சரித்திரத்தைக் கண்டு அஞ்சுவானேன்? குற்றம் பாடத்தினதன்று; அதனைப் புகட்டும் முறையினதே. மன்னர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் நெட்டுருச் செய்யப்பெற்று, தேர்வு முடிந்த மறுநாளே மறக்கப்படுகின்றன. இதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. சரித்திரம் டில்லியிலும் தஞ்சையிலும் இலண்டனிலும் நிகழ்ந்தது. தம் தெருவிற்கும் தம் பெற்றோர்க்கும் அதில் இடமில்லை எனத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எண்ணத் தலைப்படுகின்றனர். இவ்வெண்ணத்தை அகற்றுதலே ஆசிரியரின் முதற் கடன் என நாம் கருதுகின்றோம்.

அதற்குரிய வழி, அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லுதலாம். சென்னைக்கு வடபாலுள்ள விம்கோ நகரையே சான்றாகக் கொள்வோம். ஆசிரியர் தீப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, இவ்வூர்க்கு இப்பெயர் எவ்வாறு வந்தது என வினவுவாராக. வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்பதன் சுருக்கமே விம்கோ என்பது விடை. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923இல் இந்தியாவில் இக்கம்பெனியை நிறுவியது ஏன்? 1922இல் அரசாங்கம் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது, 144 பெட்டிகள் கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதித்தது. கப்பலில் கொணர்ந்து வரி செலுத்துவதினும் இந்நாட்டிலேயே செய்து விற்றல் இலாபமாயிற்று. அங்ஙனம் எழுந்த தொழிற்சாலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் அமைந்தது. அக்காலத்திலேயே சிவகாசி இளைஞர் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று இத்தொழிலைப் பயின்று மீண்டனர். இயந்திரத் தொழிலும் கைத்தொழிலும் எதிரெதிரே நின்ற வரலாறு இதனின்று விரியும். வரி, வாணிகம், கூலி ஆகியவை யாவும் ஒரு தீப்பெட்டியினுள் அடங்கிக் கிடத்தலைச் சிறுவர் காண்பர். வினாவிற்கு விடையாக வந்த ஆண்டு நெஞ்சை விட்டு நீங்காது.

இரண்டாவது, கண்ணாற் காணுதல். விம்கோ நகர்க்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் பல உள. வியாகரணம் கற்பித்தற்கென அங்கு மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டே உரைக்கின்றது. தம் ஊர் பல நூற்றாண்டுகட்கு முன்னரே கல்விச்சாலை உடையதாயிருந்தது என்றறியும் சிறுவன் தலைநிமிர்ந்து நடப்பான் அன்றோ? இஃது ஆகாத காரியமன்று. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியில் அரசினர் பள்ளி மாணவர் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் வாயிலாகக் கல்வெட்டுப் படிக்கவும் பயின்றுள்ளனர்.

மூன்றாவது, மொழியின் துணை. துணிவும் தந்திரமும் மிக்கவனை 'எம்டன்' என்று நம்மவர் கூறுவர். இச்சொல் எங்கிருந்து வந்தது? 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து எரித்தது. அந்த இரவின் அச்சம் இன்றளவும் ஒரு சொல்லாய் வாழ்கின்றது. முதல் உலகப் பெரும்போரைத் தொடங்குதற்கு இதனினும் ஏற்ற வாயில் வேறு யாது?

நான்காவதே தலையாயது, அது முதியோரை வினவுதல். 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பெற்றது. அங்கு உழைத்தவர், பட்டணத்திற்கு ஒளியளித்த பெருமையையும் தம் குடும்பம் தழைத்ததையும் கூறுவர். கழிமுகத்தில் வலைவீசும் மீனவர், சாம்பலால் நீர்நிலை கெட்டதைக் கூறுவர். இருவர் கூற்றும் சான்றே. இரண்டையும் எழுதி வந்து, எது கண்டது, எது கேட்டது, எது விருப்பு வெறுப்பாற் கூறியது என ஆய்ந்து பகுக்கும் மாணவன், சரித்திர ஆசிரியன் செய்யும் தொழிலையே செய்கின்றான். நாளை செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் அவன் அவ்வாறே நிறுத்துப் பார்ப்பான். குடியரசு நாட்டிற்கு இதனினும் வேண்டப்படும் கல்வி யாதுளது?

இவற்றிற்கெல்லாம் நேரமேது, தேர்வு நெருங்குகின்றதே எனச் சிலர் தடை கூறலாம். எல்லாப் பாடங்களையும் இவ்வாறு நடத்துக என்று நாம் கூறவில்லை. பருவந்தோறும் ஒரு பாடமேனும் இவ்வண்ணம் நடைபெறின், அதனால் எழும் ஆர்வம் ஏனைய பாடங்களையும் எளிதாக்கும். ஆனால் முதியோர் நமக்காகக் காத்திரார். ஏட்டில் ஏறாத அவர்தம் நினைவுகள் ஆண்டுதோறும் அவரோடு மறைகின்றன. நம் கல்லூரியினின்று ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் நண்பர்காள்! நீவிர் செல்லும் ஊர் எதுவாயினும், புத்தகத்தைத் திறக்குமுன் அவ்வூரின் பெயரைப் பலகையில் எழுதுமின். ஏன், எவ்வாறு, எப்பொழுது என்று மாணவரை வினவச் செய்ம்மின். சரித்திரம் தானே பேசத் தொடங்கும்.