எஞ்சினை மாத்துறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸை பாருங்க! பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு உஷார் டிப்ஸ்

சென்னை:

ஷெட்டில் தூங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரோட்டுக்கு கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. ஒரிஜினல் எஞ்சின் மக்கர் செய்யும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. கடைசியில் 'வேற எஞ்சினை தூக்கி வெச்சிடலாம் சார்' என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். உடனே புதுப்பேட்டைக்கு ஓடுவார்கள்.

எஞ்சின் வந்து இறங்கிய பிறகுதான் தலைவலியே ஆரம்பிக்கும். கியர்பாக்ஸ் பொருந்தாது. பொருந்தினாலும் கிளட்ச் வழுக்கும். எஞ்சினுக்கு கொடுத்ததை விட அதிக காசு இதற்கே கரையும். அதனால், முதலில் கியர்பாக்ஸை முடிவு செய்யுங்கள். அப்புறம் கிளட்ச். எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்கும் பிறகுதான்.

நீளவாக்கா, குறுக்குவாக்கா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை பின் சக்கரத்தால் ஓடுபவை. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் என்று வரிசையாக வரும். இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கும். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கும். அந்த கியர்பாக்ஸ் பழைய காருக்கு உதவாது.

எனவே பின் சக்கர டிரைவ் வண்டியின் கியர்பாக்சைத்தான் தேட வேண்டும். நம்மூரில் ஜிப்சி, ஐசுசு எஞ்சின் அம்பாசடர் போன்றவற்றில் நீளவாக்கு 5 கியர் பாக்ஸ் உண்டு. வெளிநாட்டில் போர்டு டைப் 9, மஸ்டாங்கில் வந்த போர்க் வார்னர் டி5, மஸ்டா எம்.எக்ஸ்.5 ஆகியவற்றின் பாக்ஸ்களை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

குதிரைத்திறன் இல்லீங்க, டார்க்!

'எத்தனை எச்.பி.?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் கியர்பாக்சை உடைப்பது டார்க் எனப்படும் முறுக்கு விசை. இதற்கு பிரிட்டனின் எம்.ஜி.பி. காரே நல்ல உதாரணம். 1962 முதல் 1980 வரை தயாரான இந்த காரில் இருந்தது 1,798 சி.சி. எஞ்சின். டார்க் சுமார் 149 நியூட்டன் மீட்டர்.

1973ல் கம்பெனியே இதில் 3,528 சி.சி. ரோவர் வி8 எஞ்சினை வைத்தது. டார்க் 262 நியூட்டன் மீட்டராக எகிறியது. அதாவது 75 சதவீதம் கூடுதல்! எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு கம்பெனி சும்மா இருக்கவில்லை. 8 அங்குல கிளட்சை 9.5 அங்குலமாக்கியது. பின் ஆக்சில் விகிதத்தை 3.9ல் இருந்து 3.07 ஆக்கியது. 3-வது கியரிலும் வேலை செய்த ஓவர் டிரைவை, பிறகு டாப் கியருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. கார் கம்பெனியே இவ்வளவு பார்த்திருக்கிறது என்றால் நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்?

கியர் விகித கணக்கு

பாக்ஸ் தாங்கினால் மட்டும் போதாது. ஓட்டுவதற்கும் சுகமாக இருக்க வேண்டும். இதற்கு இரண்டு கணக்கு போட்டுப் பாருங்கள்.

முதல் கணக்கு, டாப் கியர். எம்.ஜி.பி.யின் பழைய 4 கியர் பாக்சில், ஓவர் டிரைவ் இல்லாமல் 100 கி.மீ. வேகத்தில் போனால் எஞ்சின் சுமார் 3,500 சுற்று சுற்றும். காது வலிக்கும். 5-வது கியர் 0.82 விகிதம் உள்ள டைப் 9 பாக்சை மாட்டினால் அது சுமார் 2,850 ஆக குறையும். 0.68 விகிதம் உள்ள டி5 மாட்டினால் 2,350 வரை இறங்கும். அதே டி5 உடன் 3.07 ஆக்சிலும் சேர்ந்தால் 1,850 தான். வி8க்கு இது ஜாலி. சின்ன 4 சிலிண்டர் எஞ்சினுக்கோ மேட்டில் மூச்சு வாங்கும்.

இரண்டாவது கணக்கு, முதல் கியருக்கும் 2-வது கியருக்கும் உள்ள இடைவெளி. டைப் 9ல் முதல் கியர் 3.65, அடுத்தது 1.97. முதல் கியரில் 6 ஆயிரம் சுற்று வரை இழுத்து மாற்றினால் 3,200க்கு பொத்தென்று விழும். எம்.எக்ஸ்.5 பாக்சில் 3.14, 1.89. சுமார் 3,600ல் நிற்கும். மேல் சுற்றில் மட்டும் பவர் கொடுக்கும் எஞ்சின் என்றால் இந்த 400 சுற்று பெரிய வித்தியாசம்.

கிளட்ச் கலவை கூட்டு

கிளட்ச் தாங்கும் டார்க்கை முடிவு செய்வது மூன்று விஷயம்தான். பிளேட்டின் அளவு, லைனிங்கின் பிடிப்பு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம். எஞ்சினின் அதிகபட்ச டார்க்கை விட கால் பங்கு முதல் பாதி வரை கூடுதலாக தாங்கும் கிளட்ச் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். அண்ணா சாலை டிராபிக்கில் இடது கால் வீங்கிப் போகும். ரேஸ் கார்களுக்கான மெட்டாலிக் பிளேட் மாட்டினால், வண்டி கிளம்பும்போதே உதறும்.

கிளட்ச் செட் என்பது பெரும்பாலும் கலவை கூட்டு:

* கிளட்ச் பிளேட்டின் நடுப்பல், கியர்பாக்சின் இன்புட் ஷாஃப்ட்டுக்கு பொருந்த வேண்டும்.

* பிரஷர் பிளேட், எஞ்சினின் ஃப்ளைவீலுக்கு பொருந்த வேண்டும்.

* ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் விரல் உயரத்துக்கு சரியாக வர வேண்டும்.

* கிராங்க் ஷாஃப்ட் முனையில் உள்ள சின்ன புஷ், இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கை தாங்க வேண்டும். இதை மறந்தால் கியர் மாற்றும்போது கரகரப்புதான்.

* மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் அளவு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பெடலை முழுசாக மிதித்தாலும் கிளட்ச் விடாது.

பெல் ஹவுசிங்கில் கோட்டை விடாதீங்க

எஞ்சினையும் கியர்பாக்சையும் இணைக்கும் மணி வடிவ கூடுதான் பெல் ஹவுசிங். ரெடிமேடாக கிடைக்கும் ஜோடி என்றால் பாதி கவலை தீர்ந்தது. லேத்தில் அடாப்டர் பிளேட் போட்டு இணைத்தால் மையம் பிசகக்கூடாது. 0.13 மில்லி மீட்டருக்கு மேல் விலகினாலே இன்புட் பேரிங் கத்த ஆரம்பிக்கும். டயல் கேஜ் வைத்து அளக்கத் தெரிந்த ஆளிடம் மட்டும் வேலை கொடுங்கள். கியர் லிவர் எந்த இடத்தில் வரும், தரைப் பள்ளத்தில் பாக்ஸ் நுழையுமா என்பதையும் டேப் வைத்து முன்பே அளந்து விடுங்கள்.

பின் ஆக்சில் தாங்குமா?

கியர்பாக்சை பலமாக்கினால் அடி அடுத்த இடத்தில் விழும். சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை பலருக்கும் தெரியும். 1962ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு சேசிசை குட்டையாக்கி உருவானதுதான். 948 சி.சி. எஞ்சினுக்காக செய்த ஹெரால்டு டிஃபரன்ஷியலில், 80 குதிரைத்திறன் ஜிப்சி எஞ்சினை இணைத்தால் என்ன ஆகும்? ஏறத்தாழ இரண்டு மடங்கு பவர். சிக்னலில் கிளட்சை டக்கென்று விட்டால் ஆக்சில் ஷாஃப்ட் கதி அதோகதி.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மறக்காதீங்க!

இதுதான் முக்கியம். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கறாராக சொல்லிவிட்டது. அனுமதி கிடைக்குமா என்று ஆர்.டி.ஓ.விடம் முதலில் கேளுங்கள். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும்.

இன்னொன்று. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு வாங்கலாம். ஆனால் வண்டி ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் அந்த வாய்ப்பு போச்சு! அப்படிப்பட்ட அபூர்வ கார் கையில் இருந்தால், பழைய எஞ்சினை ரீபோர் செய்து ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

மற்றவர்கள் ஒரு பேப்பரை எடுங்கள். எஞ்சின் டார்க், பாக்ஸ் தாங்கும் டார்க், கியர் விகிதம், ஆக்சில் விகிதம், டயர் அளவு. இந்த ஐந்தையும் எழுதி கணக்கு போடுங்கள். கணக்கு சரியாக வந்தால் புதுப்பேட்டைக்கு போகலாம். எஞ்சினையும் பாக்சையும் ஒரே வண்டியில் இருந்து, கிளட்ச் செட்டோடு சேர்த்து வாங்கினால் பாதி தொல்லை மிச்சம்.