‘காசின் அருமை தெரியவில்லை’: மலேசிய இந்திய இளையோர், தொழில்நுட்பம், பணம் பற்றிய அன்றாடக் கருத்துகள்

முன்னுரை

திருமண மண்டபத்திலும் ஆலய வளாகத்திலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் இளையோரைப் பற்றிய பேச்சு எழும்போது, மூன்று கருத்துகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ‘அந்தக் காலத்தில் நாம் கடன் வாங்காமல், சிறுகச் சிறுகச் சேர்த்து வாழ்ந்தோம்’ என்பது முதலாவது. ‘கைப்பேசி வந்துதான் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது’ என்பது இரண்டாவது. ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியவில்லை’ என்பது மூன்றாவது. தமிழ் வகுப்பில் எழுதப்படும் ‘சிக்கனம்’ பற்றிய கட்டுரைகளிலும் இம்மூன்று கருத்துகளும் ஏறத்தாழ இதே வரிசையில் இடம்பெறுவதுண்டு.

அன்றாடக் கருத்துகளை ஆய்வுலகம் இரு வகையில் கையாளலாம். பாமரப் பேச்சென ஒதுக்கிவிடலாம். அல்லது அவற்றை உண்மையென ஏற்றுக்கொள்ளலாம். இவ்விரண்டையும் விடுத்து, ஒவ்வொரு கருத்தும் எதைச் சரியாகக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலேசிய இந்திய இளையோரின் பணப் பழக்கத்தில் நேர்ந்துள்ள அடிப்படை மாற்றம் அவர்தம் குணத்தில் நேர்ந்ததன்று. பணம் குடும்பத்தாரின் கண்ணிலிருந்து மறைந்ததே அம்மாற்றம் என்பதை நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

1. ‘அந்தக் காலத்தில் கடன் இல்லை’

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்கள் இக்கருத்தை முழுமையாக ஏற்க இயலாது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுள் பல, சம்பள நாளுக்கு முன்னரே மளிகைக் கடையில் கணக்கு வைத்துப் பொருள் வாங்கின. அட்டையில் ‘555’ என அச்சிடப்பட்ட சிறு குறிப்பேட்டை நம் நாட்டில் மூத்த தலைமுறையினர் நன்கறிவர். அரிசி, மீன்டின், மண்ணெண்ணெய் என வாங்கிய பொருள்களெல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டு, சம்பளத்தன்று கூட்டித் தீர்க்கப்பட்டன. எனவே கடன் அன்றும் இருந்தது. சம்பளத்தின் ஒரு பகுதி கள்ளுக்கடையில் கரைந்த வரலாறும், அதனை எதிர்த்துச் சீர்திருத்த இயக்கங்கள் எழுந்த வரலாறும் நமக்குத் தெரிந்தவையே. எனவே ஊதாரித்தனம் இன்று பிறந்ததன்று.

ஆயினும் அக்கருத்தில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அன்றைய கடனுக்குச் சாட்சிகள் இருந்தனர். கடைக்காரர் எழுதினார், தாய் எண்ணிப் பார்த்தார், பொருள் வாங்கச் சென்ற பிள்ளை குறிப்பேட்டைச் சுமந்து சென்றது. அளவு மீறினால் கடைக்காரரே கையை நிறுத்திக்கொண்டார். அண்டை வீட்டார்க்கும் அது தெரிந்தது.

சேமிப்பும் அவ்வாறே பலர் அறிய நடந்தது. பத்துப் பேரோ பன்னிருவரோ மாதந்தோறும் ஒரே தொகையைச் செலுத்தி, முறைவைத்து ஒருவர் மொத்தமாகப் பெறும் ‘கூட்டு’ இதற்குத் தக்க சான்றாகும். மலாய் மொழியிலும் இச்சொல் சற்றே திரிந்து வழங்குகிறது. மோசடிக்கு இடமளித்த காரணத்தால் இதனைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்து 1971-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே இத்தமிழ்ச்சொல் இடம்பெற்றுள்ளது. கூட்டு முறையின் இடர்களை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அது இயங்கிய முறை கவனத்திற்குரியது: தவணை செலுத்தத் தவறினால் பத்து முகங்களை நேரில் காண நேரும் என்ற கூச்சமே அதில் பலரைச் சேமிக்க வைத்தது.

இதன் உயர்ந்த வடிவத்தைக் கூட்டுறவு இயக்கத்தில் காண்கிறோம். 1950-களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழக்கும் நிலை உருவானபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறு தொகைகளாகச் செலுத்திய பங்குப் பணம் தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. 1951-இல் சட்டவடிவம் பெற்ற ஊழியர் சேமநிதியோ, சம்பளம் கைக்கு வருமுன்னரே ஒரு பகுதியைப் பிடித்து வைத்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், முந்தைய தலைமுறையின் சிக்கனம் தனிமனித மன உறுதியால் மட்டும் அமைந்ததன்று என்பது தெளிவாகும். குடும்பம், கடை, கூட்டு, சங்கம், சட்டம் ஆகிய ஏற்பாடுகள் அச்சிக்கனத்தைத் தாங்கி நின்றன. மூத்தோர் தம் சிக்கனத்தை நினைவில் வைத்திருக்கின்றனர். அதனைத் தாங்கிய ஏற்பாடுகளை மறந்துவிட்டனர்.

2. ‘கைப்பேசிதான் காரணம்’

இரண்டாம் கருத்து கருவியைக் குற்றவாளியாக்குகிறது. அக்கருவி எவ்வாறு பணப்பையாயிற்று என்று காண்போம். 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசாங்கம் ‘இ-துனாய் ராக்யாட்’ திட்டத்தின்வழித் தகுதியுடைய 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு 30 ரிங்கிட்டை மின்பணப்பையில் வழங்கியது. 2021-இல் ‘இ-பெலியா’ திட்டத்தின்வழி 18 முதல் 20 வயது வரையிலான இளையோருக்கும் உயர்கல்விக்கூட முழுநேர மாணவர்களுக்கும் 150 ரிங்கிட் அதே வழியில் அளிக்கப்பட்டது. இடையே பரவிய கோவிட் பெருந்தொற்று, தாளைத் தொடாமல் பணம் செலுத்தும் பழக்கத்தை விரைவுபடுத்தியது. இன்று டூயிட்நவ் கியூஆர் குறியீடு நாசி லெமாக் விற்கும் சாலையோரக் கடையிலும் ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே, இளையோர் தம் விருப்பத்தால் மட்டும் மின்பணத்திற்கு மாறினர் எனக் கூறுவது பொருந்தாது. அரசும் வணிகமும் சூழலும் அவர்களை அவ்வழியில் அழைத்துச் சென்றன. நாமும் அதே வழியில்தான் சென்றுகொண்டிருக்கிறோம்.

ஆயினும் இக்கருத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. பணத்தின் வடிவம் மாறும்போது அதன் பயன்பாடும் மாறுகிறது. அம்மாற்றத்தை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, எண்ணும் செயல் மறைந்தது. 50 ரிங்கிட் தாளை மாற்றும்போது ஏற்படும் தயக்கம், விரலால் திரையைத் தொடும்போது ஏற்படுவதில்லை. பணப்பையில் இருப்புக் குறைந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதியைத் தேர்ந்துவிட்டாலோ, ‘தீர்ந்துவிட்டது’ என்னும் எச்சரிக்கையும் எழுவதில்லை.

இரண்டாவது, கடன் தவணையாகச் சிதறியது. ‘இப்போது வாங்கு, பிறகு செலுத்து’ என்னும் முறையில் 300 ரிங்கிட் காலணி மாதம் 100 ரிங்கிட் வீதம் மூன்று தவணையாகத் தோன்றுகிறது. வட்டி இல்லை என்ற விளம்பரமும் உடன் வருகிறது. ஒரே காலப் பகுதியில் இத்தகைய நான்கு பொருள்களை வாங்கியவர் மாதம் 400 ரிங்கிட் கட்ட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் சேரும். தனித்தனியே பார்க்கும்போது எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. நான்கையும் ஒருங்கே எழுதிப் பார்த்தால்தான் சுமை புலப்படும். ‘555’ குறிப்பேடு செய்ததும் இதுவே. அனைத்தையும் ஒரே பக்கத்தில் அது காட்டியது. இத்தகைய கடன்களை ஒழுங்குபடுத்தும் நோக்குடன் 2025-இல் நுகர்வோர் கடன் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியமை, இது குடும்பச் சிக்கல் மட்டுமன்று என்பதை உணர்த்துகிறது.

மூன்றாவது, சாட்சி மறைந்தது. பூட்டிய கைப்பேசிக்குள் நடக்கும் வரவுசெலவைத் தாயோ தந்தையோ காண்பதில்லை. பிள்ளையும் பெற்றோரின் வரவுசெலவைக் காண்பதில்லை. முன்னர் சம்பள நாளன்று மேசைமேல் தாள்களைப் பிரித்து, ‘இது வாடகைக்கு, இது பள்ளிக்கு, இது கோயிலுக்கு’ என்று தாய் ஒதுக்கிவைத்ததைப் பார்த்தே பிள்ளைகள் பணத்தைக் கற்றனர். எவரும் பாடம் நடத்தவில்லை, பார்வையே பாடமாயிற்று. அப்பாடம் இன்று பல வீடுகளில் நடைபெறுவதில்லை.

3. ‘காசின் அருமை தெரியவில்லை’

மூன்றாம் கருத்து இளையோரின் குணத்தைப் பற்றியது. இதனை ஆராயுமுன் இன்றைய இளைஞர் ஒருவர் பணவாழ்வை எவ்வாறு தொடங்குகிறார் என்று நோக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக்கழகமாகிய பிடிபிடிஎன் வழங்கும் கடனைக் கொண்டு பயில்வோர், முதற்சம்பளம் பெறுமுன்னரே கடனாளியாகின்றனர். மூத்த தலைமுறைத் தொழிலாளர் பலர் அறியாத தொடக்கம் இது.

கல்வியைத் தொடராமல் உணவு விநியோகத்திலும் வாகனச் சேவையிலும் ஈடுபடும் இளையோரின் நிலை வேறு. அவர்களுக்கு மாதச் சம்பளம் என்பதே இல்லை. ஒவ்வொரு பயணத்திற்கும் வருவாய் வருகிறது. மழை பெய்தாலும் வண்டி பழுதானாலும் நின்றுவிடுகிறது. முதலாளி–தொழிலாளி உறவு இல்லாமையால் சேமநிதிப் பிடித்தமும் தானாக நடைபெறுவதில்லை. இத்தொழிலாளர்களின் பாதுகாப்பை முன்னிட்டு 2025-இல் தனிச்சட்ட முன்வரைவு ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இவர்களை நோக்கி, ‘மாதம் ஒரு பங்கை எடுத்துவை’ என்று நாம் அறிவுரை கூறும்போது, அவ்வறிவுரை அவர்கள் வாழ்வில் இல்லாத ஒரு மாதச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டிருப்பதை மறந்துவிடுகிறோம்.

ஆடம்பரத்தைப் பொறுத்தவரையிலும் நாம் நேர்மையுடன் பேச வேண்டும். கடன் வாங்கித் திருமணத்தைப் பெரிதாக நடத்துவதும், இருபத்தோராம் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுப்பதும், ஒன்பது ஆண்டுத் தவணையில் மகிழுந்து வாங்குவதும் இளையோர் மட்டும் எடுக்கும் முடிவுகளல்ல. பிறர் காணச் செலவிடும் பழக்கத்தை அவர்கள் நம் வீடுகளில்தான் கற்றனர். மண்டபத்தில் காட்டியதை இன்று திரையிலும் காட்டுகின்றனர்.

இக்கருத்தால் விளையும் உண்மையான தீங்கு வேறோர் இடத்தில் உள்ளது. ‘உன் வங்கி அட்டையைச் சில நாள் கொடு, பணம் தருகிறேன்’ என்ற பேச்சுக்கு இணங்கித் தம் கணக்கை இரவல் தரும் இளையோர், மோசடிக் கும்பலின் பணம் கடந்து செல்லும் ‘கழுதைக் கணக்கு’ உரிமையாளராகின்றனர். காவல்துறையின் விசாரணை முதலில் வந்து சேர்வது கணக்கின் பெயரில் உள்ளவரிடமே. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் இத்தகைய செயல்களைத் தனிக்குற்றங்களாக வரையறுத்துள்ளன. ஒரு கணநேரத் தவறு, வேலைக்கு மனுச் செய்யும் காலம்வரை துரத்தும் வழக்காகிவிடலாம்.

மோசடிக்குப் பணத்தைப் பறிகொடுத்தவர்க்கோ நேரமே முக்கியம். 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாயுமுன் தடுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால், ‘காசின் அருமை தெரியாதவன்’ என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்ட பிள்ளை, நேர்ந்ததை வீட்டில் சொல்லுமா? ஏச்சுக்கு அஞ்சி ஓரிரு நாள் மறைத்தால், மீட்கக்கூடிய பணமும் மீளாது. அன்றாடக் கருத்து இங்கு வெறும் கருத்தாக நிற்பதில்லை. உதவி கேட்கும் வாயை அது அடைத்துவிடுகிறது.

4. தமிழாசிரியர் செய்யக்கூடியவை

பொருளியல் கற்பிப்பது தமிழாசிரியரின் பணியன்று என்ற எண்ணம் எழலாம். ஆயினும் பணத்தைப் பற்றி நம் மாணவர் தமிழில் சிந்திக்கும் முதலிடம் தமிழ் வகுப்பே. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் சிக்கனத்தை வலியுறுத்தும் அறிவுரையாக விளக்குகிறோம். அப்பழமொழி செலவைத் தடுக்கவில்லை, அளக்கச் சொல்கிறது. அளவு கண்ணுக்குத் தெரியாத மின்பணக் காலத்திற்கு அது முன்னிலும் பொருந்துகிறது. மின்பணப்பையின் ஒரு வார வரவுசெலவைத் தாளில் கையால் எழுதி, வகைப்படுத்தி, அதனைப் பற்றி ஒரு பத்தி எழுதும் பயிற்சியை இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு அளிக்கலாம். தொகைகளை ஆசிரியரிடம் காட்ட வேண்டியதில்லை. எழுதியதில் தமக்கு வியப்பளித்த செய்தியைக் கூறினால் போதும்.

‘சிக்கனம்’ என்ற பழைய தலைப்புடன், ‘என் பாட்டி கடன் வாங்கிய விதம்’ என்ற தலைப்பையும் கொடுத்துப் பார்க்கலாம். அது மாணவரை வீட்டுப் பெரியோரிடம் கேள்வி கேட்க அனுப்பும். பெரியோரும் தாம் மறந்துவிட்ட குறிப்பேட்டையும் கூட்டையும் நினைவுகூர்வர். பணத்தைப் பற்றி இரு தலைமுறையினரும் ஏச்சின்றிப் பேசுவதற்கு இத்தகைய எளிய வாயிலும் தேவைப்படுகிறது. தாமதக் கட்டணம், தானியங்கி நிரப்பம், கணக்கு இரவல் போன்ற சொற்களைத் தமிழில் வழங்கச் செய்வதும் நம் கடமையே. பெயரிட்டுப் பேச இயலாத இடரை வீட்டில் எவரும் எச்சரிக்க முடியாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், அன்றாடக் கருத்துகள் மூன்றும் முழுப்பொய்யும் அல்ல, முழுமெய்யும் அல்ல என்பது பெறப்படும். ஏதோ ஒன்று இழக்கப்பட்டுள்ளது என்பதை அவை சரியாகவே உணர்கின்றன. இழந்ததைப் பிழையாகப் பெயரிடுகின்றன. இழந்தது இளையோரின் நற்குணமன்று. பணத்தைப் பலர் கண்ட ஏற்பாடு. ‘555’ குறிப்பேட்டை மீட்டெடுக்க இயலாது, அதற்குத் தேவையுமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை பெற்றோர் தம் கைப்பேசிக் கணக்கைத் தாமே முதலில் திறந்து பிள்ளைக்குக் காட்டலாம். பெரியோர் காட்டத் தொடங்கினால், பிள்ளைகளும் தம் கணக்கை மறைக்காமல் காட்டும் நிலை காலப்போக்கில் உருவாகும் என நாம் கருதுகிறோம்.