லீஸா, போக்கியமா?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே தறி ஓடுகிறது. மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்காரருக்கு ஐந்து லட்சம் தேவை. நகையை விற்றாவது நீங்கள் கொடுக்கிறீர்கள். மாடியில் மூன்று வருஷம் குடியிருக்கிறீர்கள். வாடகை இல்லை, பணத்துக்கு வட்டியும் இல்லை. கெடு முடிந்ததும் அவர் அசலைத் தருவார். நீங்கள் சாவியைத் தருவீர்கள்.

இதற்குப் பெயர் என்ன? பாட்டியைக் கேட்டால் ‘போக்கியம்’ என்பாள்; சில ஊர்களில் ‘ஒத்தி’. நாகரிகப் பேத்தி, ‘லீஸ்’ என்பாள். பேச்சோடு நின்றால் பாதகமில்லை. பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வம்பு!

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் லீஸ் என்பது வாடகைக்கோ குத்தகைக்கோ விடுவது, 105-வது பிரிவு. நம் போக்கியம் 58-வது பிரிவில் இருக்கிறது. பெயரோ நாக்கைச் சுளுக்கிவிடும்: ‘யூஸுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’. பயப்படாதீர்கள். முதல் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘உபயோகமும் பலனும்’ என்று அர்த்தம். ‘போக்கிய’த்துக்குள் இருக்கும் ‘போக’மும் அதுதானே?

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? மார்ட்கேஜ் என்றால் வீடே உங்கள் ஐந்து லட்சத்துக்கு ஈடு. லீஸ் என்று மட்டும் எழுதிவிட்டால், நீங்கள் வெறும் குடித்தனக்காரர் என்று எதிர்தரப்பு வாதாட இடமுண்டு. நீதிமன்றம் தலைப்பை மட்டுமல்ல, ஷரத்துகளையும் பார்க்கும், வாஸ்தவம். ஆனால் அதற்குள் எத்தனை வாய்தா!

இன்னொரு பொறி, சொல்லின் வாலில். ‘மார்ட்கேஜர்’ வீட்டை ஈடு வைப்பவர். ‘மார்ட்கேஜி’ பணம் கொடுத்தவர், அதாவது நீங்கள். கடன் வாங்கியவரைத்தான் ‘மார்ட்கேஜி’ என்று படித்தவர்களே எழுதிவிடுகிறார்கள். வால் மாறினால் கடன்காரர் நீங்களாகிவிடுவீர்கள்!

முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டால் போதாது, அம்மா. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள போக்கியத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும். 59-வது பிரிவு கறாராகச் சொல்கிறது. கையெழுத்துக்கு முன் பத்திரத்தை எழுதுபவரைத் தமிழில் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். அவர் ‘வாடகை’ என்று ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

பணம் திரும்பக் கைக்கு வந்த பிறகு, போக்கியம் தீர்ந்ததற்கு ரசீது எழுதி அதையும் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நெசவாளர் நாளை வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது, உங்கள் பெயர் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.